பென்ஷனின் அறை

"சார், அந்தப் பக்கத்து அறையை எனக்கே கொடுத்துடுங்க."

ஆய்வக இயக்குநர் உட்காரச் சொல்லியும் ஜெல்லம்மா உட்காரவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு நாற்காலி ஆகாது. ஓயாமல் ஜெல்லோடு மல்லுக்கட்டுவதால் ஆய்வகம் அவளுக்கு வைத்த பெயர் அது.

"அங்கே ஒருத்தர் வேலை செய்றாரேம்மா."

"எங்கே சார் செய்றார்? நான் எப்ப எட்டிப் பார்த்தாலும் ஆய்வுக்கு வெச்ச பம்பை நிறுத்திட்டு, காலை நீட்டிக்கிட்டு புத்தகம் படிக்கிறார்."

சின்ன வயசுக்காரர்தான். ஆனாலும் அவருக்குப் 'பென்ஷன்' என்று பெயர் சூட்டியது சாட்சாத் ஜெல்லம்மாவேதான். இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை கிடைக்கும். அதில் அவளுக்கோ உடும்புப்பிடி.

மெல்லிய ஜெல் தாள் ஒன்றை எடுத்து இழுத்துக் காட்டினாள். சிவப்பாக இருந்தது பச்சையானது. இன்னும் இழுக்க, நீலம். விட்டதும் பழையபடி சிவப்பு.

"ஒரு சொட்டு சாயம் கிடையாது சார். கண்ணுக்கே தெரியாத மணிகள். தட்டுல தண்ணிக்குள்ள அதுங்களா வரிசை கட்டி நிக்கணும், அப்புறம் ஜெல்லா உறைய வைக்கணும். இழுத்தா இடைவெளி மாறும், நிறமும் மாறும். வேண்டிய நிறத்தை மட்டும் பிரிச்செடுக்கிற ஒளிக்கருவி இதுல பண்ணலாம்."

"பிரமாதம்மா."

"ஆரம்பத்துல வரிசையே கலைஞ்சு எல்லாம் பால் மாதிரி வெளுத்துப்போச்சு. நான் விட்டேனா? உயிரைக் கொடுத்து உழைச்சேன். இப்பெல்லாம் ஒண்ணுகூடத் தப்பறதில்லை."

இயக்குநர் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பென்ஷனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா, உன் பம்ப் ஓடறதே இல்லையாமே? உன் ஆய்வும் பாதியில நிக்குது. வேலை வேண்டாமா உனக்கு?"

"வேணும் சார்."

"அப்புறம் என்ன சோம்பல்?"

பென்ஷன் தலையைச் சொறிந்தார். ஜெல்லம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

கடைசியில் அவர் தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், என் பம்ப் ஓடினா உங்க மேஜை அதிருது. தட்டுல மணியெல்லாம் கலைஞ்சுடுது. அதான் நிறுத்தி வெச்சிருக்கேன். இன்னிக்குத் தட்டு வைக்கலைன்னா மட்டும் சொல்லுங்க, கொஞ்ச நேரம் ஓட்டிக்கறேன்."