வாசலில் நின்றவர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, தோற்றுக்கொண்டே இருந்த ஒரு கால்பந்துக் கோச்சின் கதை வைத்திருக்கிறேன்.

அந்தக் கடற்கரை ஊரில் கோச்சை நீக்குவதென்றால் பேச்சே கிடையாது. கிளப் செயலாளர் போய்க் கையை நீட்டுவார். கோச் கழுத்து விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அன்றும் தோற்றதும், கமிட்டி சொல்லி, செயலாளர் வியாகுலம் விசிலை வாங்கக் கிளம்பினார். பந்தைக் கைநழுவ விட்ட கோல்கீப்பர் அவருடைய மகன்தான்.

கோச் ஜெறோம் மைதானத்து வாசலின் நடுவில் நின்றார். தோற்ற நாளெல்லாம் அங்கேதான் நிற்பார். கூட்டம் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

"ஓய், வலை பின்னப் போவும்!" என்றான் ஒருவன்.

"அந்த ஓட்டைக் கையனை எவம்வே கோல்கீப்பரா வச்சது?" என்றான் இன்னொருவன்.

"நான்தாம்வே வச்சேன். என்னைய ஏசும்," என்றார் ஜெறோம்.

பக்கத்தில் வந்து நின்ற வியாகுலம் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். பின்வாசல் வழியாக ஆடிய பையன்கள், ஒரு வசவும் காதில் விழாமல், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாக அவர் மகன்.

கூட்டம் கலைந்ததும் ஜெறோம் தாமாகவே விசிலைக் கழற்றி நீட்டினார். "இதுக்குத்தானே வந்தீரு?"

வியாகுலம் அதை வாங்கினார். ஒட்டியிருந்த மணலை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஆட்டத்திலும் தோல்விதான். அன்றைக்கு வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்: கழுத்தில் விசிலோடு ஜெறோம், பக்கத்தில் வியாகுலம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தோற்று வரும் நாளிலும் வாசலில் ஒருவர் நிற்கட்டும், மக்களே. வீடு நிறைந்திருக்கட்டும்.