எட்டு விநாடி

தன் நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றும் அந்தக் கொதிக்கும் வாயுக் கிரகத்தைப் பதினோரு வருடமாகக் கவனித்துவந்த ஆராய்ச்சியாளருக்கு, அன்று காலை கால் தரையில் பாவவில்லை. நட்சத்திரத்தின் குறுக்கே கிரகம் கணித்த நேரத்துக்கு எட்டு விநாடி முன்னதாகவே கடந்திருந்தது.

“என்னங்க, சுத்துற பாதை சுருங்கி அது நட்சத்திரத்துக்குள்ள விழ ஆரம்பிச்சிடுச்சு! பாவம், இனி தப்பிக்காது,” என்றாள், அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கணவனிடம்.

அவன் முகம் வெளிறியிருந்தது.

“மத்த நட்சத்திரங்களோட கிரகங்களையும் பாத்துட்டேன்மா. அந்தத் திசையில இருக்கிற எல்லாமே எட்டு விநாடி சீக்கிரம். எதிர்த்திசையில எல்லாமே எட்டு விநாடி லேட்டு.”

“அத்தனையும் ஒண்ணா எப்படிங்க மாறும்?”

அவன் அறைக்கதவைச் சாத்தினான்.

“அதுங்க மாறல. அப்படியேதான் இருக்கு. அந்தப் பக்கத்து வெளிச்சம்தான் நமக்குச் சீக்கிரமா வந்து சேருது. நம்ம பூமிதான் பாதையை விட்டு அந்தப் பக்கமா நகர்ந்துட்டிருக்கு.”