தெருமுனைப் பரிசோதனை

எல்லார் மணிக்கட்டிலும் பட்டை வந்த பிறகு எச்.ஐ.வி. மறைத்து வைக்கும் விஷயமாக இல்லை. கிருமி இல்லாதவர்களுக்குப் பச்சைப் பட்டை, கிருமிக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நீலம். 'நீலத்தைக் கண்டு பயம் எதற்கு?' என்று பேருந்துகள்கூடக் கேட்டுக்கொண்டே போயின. ஒரு சொட்டு ரத்தத்தில் பச்சையா நீலமா என்று காட்டும் பரிசோதனைப் பெட்டி தெருவுக்குத் தெரு இருந்தது.

சுகந்தியின் பட்டை நீலம். தம்பி நவிலனின் மகனுக்குப் பெயர் சூட்டிய அன்று, அத்தை முறைக்கு அவள்தான் குழந்தையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் நவிலன், "வெளிக்காத்து காட்டிட்டு வரேன்க்கா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போனான். வீறிட்ட அழுகை கேட்டுச் சுகந்தி ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனைப் பெட்டியில் அவன் குழந்தையின் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். "பச்சைதான்க்கா. இனி எவ்வளவு நேரம் வேணா வெச்சுக்க."

"தூக்கினா ஒட்டாதுன்னு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்க்கா. பெட்டி பக்கத்துலயே இருக்கு. பார்த்துட்டா ஒரு நிம்மதி, அவ்வளவுதான்."

"அப்ப நான் தூக்குற ஒவ்வொரு தடவையும் இவன் குத்து வாங்கணுமா?"

குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் திரண்டு நின்றது. அதைத் துடைக்கச் சுகந்தி முந்தானையை எடுத்தாள். நவிலனின் கைகள் அவனையறியாமல் குழந்தையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டன.