அரக்கனுக்கு ஒரு பேர்

“அடி! அடிச்சே கொல்லு!”

எஸ்டேட் பள்ளியின் மூன்றாம் வகுப்பே கத்திக்கொண்டிருந்தது. அந்த வழியே போனபோது கூச்சல் கேட்டு உள்ளே பாய்ந்த சின்னராஜ், மகள் கலைமதியின் கன்னத்தில் அறைந்தான். அவள் கையிலிருந்த வீடியோ கேம் தரையில் விழுந்தது.

“படிக்க அனுப்புனா அடிதடியா சொல்லிக் குடுக்கறீங்க, டீச்சர்?”

“வாய்ப்பாட்டு விளையாட்டுங்க. சரியா விடை போட்டா அரக்கனுக்கு ஒரு அடி விழும். அரக்கனுக்குப் பேரு புள்ளைங்களே வெக்கறதுங்க.”

சின்னராஜ் குனிந்து, கீழே கிடந்த கேமின் திரையைப் பார்த்தான். ரத்தம் வழியும் அரக்கனின் தலைக்கு மேல் ‘வேண்டாமுங்க’ என்று எழுதியிருந்தது.

“இதென்ன கிறுக்குப் பேரு?” மறுபடியும் மகள்மேல் கையை ஓங்கினான்.

சத்தம் கேட்டுக் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த அவன் மனைவி, தினமும் வீட்டில் கதறுவது போலவே வாசலில் நின்று கதறினாள்.

“வேண்டாமுங்க!”

வகுப்பு மொத்தமும் திரும்பிச் சின்னராஜைப் பார்த்தது.