அப்பாவின் இருமல்

சீனாவின் சூசௌ நகரில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ச்சின் வாத்தியத்தின் ஏழு தந்திகளிலும் ஜன்னல் வெளிச்சம் நீளமாகக் கிடக்கிறது. அருகே விரித்திருக்கும் பழைய புத்தகம் எந்தத் தந்தி, எந்த விரல் என்றெல்லாம் சொல்கிறது. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று மட்டும் சொல்வதில்லை. அதை அப்பா வாசித்துக் கேட்ட ஞாபகத்தில்தான் பிடிக்க வேண்டும். அப்பா இறந்து நாளையோடு ஒரு வருஷம்; நாளை வாசிப்பதற்காக ஜிங்ஷு இப்போது பழகிக்கொண்டிருக்கிறாள். நான்காம் வரியில் அவள் கை அந்தரத்தில் நிற்கிறது.

“அங்க எதுக்குக்கா நிறுத்துற?” சூரியகாந்தி விதை கொறித்தபடி தங்கை லான்யிங் சிரிக்கிறாள். “அங்க அப்பா இருமுவாரு. அது பாட்டே இல்ல.”

ஜிங்ஷுவின் முகம் சிவக்கிறது. நிறுத்தாமல் வாசித்துக் காட்டுகிறாள். வரி தடங்கலின்றி ஓடி முடிகிறது. லான்யிங்கின் விரலிடுக்கில் விதை அப்படியே இருக்கிறது.

“இன்னொரு தடவ வாசிக்கா,” என்கிறாள். “இருமலோட.”