கம்பெனி ஆயில்

நாராயணப்பனின் கை எரிகிற கற்பூரத்துக்கு மேலே போய், திரும்பி வந்தது. உத்தனப்பள்ளி ரோட்டோரம் அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு முன்னால் கூடியிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"அணைங்க. நான் வாங்கிக் குடுத்த கம்பெனி ஆயிலைத்தான் ஊத்துனேன்னு முனியப்பன் மேல சத்தியம் பண்ணுங்க," என்றான் பிரகாஷ்.

அவனுடைய கார் எஞ்சின் ஜாம் ஆகி, ஷெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுபோயிருந்தது. போன வாரம்தான் இங்கே ஆயில் மாற்றினான். கூலி மலிவு என்று ஓசூரிலிருந்து இவரிடம் வருகிறவன், ஆயிலை மட்டும் கார் கம்பெனி பேர் போட்ட டப்பாவாகத் தானே வாங்கிக்கொண்டு வந்தான். அப்போது நாராயணப்பன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டப்பாவில் யார் பேர் இருந்தால் என்ன, எஞ்சினுக்கு ஏற்ற ரகமாக இருந்தால் போதும், எஞ்சினுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லித் தொலைத்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

நல்ல ஆயிலை விற்றுவிட்டு மட்ட ஆயிலை ஊற்றிவிட்டார் என்பது பிரகாஷின் வாதம். வழியில் காரின் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்ததாம். கம்பெனி ஆயில் இருக்கிற தைரியத்தில் நிறுத்தாமல் ஓட்டினானாம். ராகுகாலம் பிறப்பதற்குள் ராயக்கோட்டை பத்திர ஆபீசில் அவன் மனைவி பிரியா கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவள் அப்பா வெங்கடப்பன் அவள் பேருக்கு எழுதிவைத்த நிலத்தை வாங்க, பெங்களூர்க்காரர் அங்கே காத்திருந்தார்.

பிரியா பின் சீட்டில் இருந்தாள். அந்த வெயிலிலும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இதே ஊர்ப் பெண். நாலு வீடு தள்ளித்தான் அப்பா வீடு. ஆனால் அவள் அங்கே காலெடுத்து வைத்து ஒரு வருஷமாகிறது. பிரகாஷ் விடுவதில்லை, அவளுடைய போனும் அவன் சட்டைப் பையில்தான். ஊருக்கே தெரியும், யாரும் தட்டிக் கேட்டதில்லை.

பிரகாஷ் அவள் பக்கம் திரும்பினான்.

"கல்யாணத்துக்கு முன்ன எஞ்சின் ஃபேக்டரியிலதான வேலை பாத்த? நீயே சொல்லு. மட்ட ஆயில் ஊத்துனா எஞ்சின் போகுமா, போகாதா?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் பிரியா.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே நாராயணப்பன் முகம் சரியில்லை. கற்பூரத்தை அணைத்தால் இந்த ரோட்டில் இத்தனை காலம் சம்பாதித்த பேர் மிஞ்சும். வேறு கேள்விகளும் கிளம்பும். அணைக்காவிட்டால் திருடன் பட்டம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கற்பூரம் தானே எரிந்து தீர்ந்தது.

"நான் சத்தியம் பண்ணல, சார்."

கூட்டம் முணுமுணுத்தது. தினமும் அவருக்குக் கடனுக்கு டீ கொடுக்கும் ஜோதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவருக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

ராகுகாலம் பிறந்துவிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்று பெங்களூர்க்காரர் போனை வைத்துவிட்டார். புது எஞ்சின் செலவு உன் தலையில்தான் என்று நாராயணப்பனிடம் கத்திவிட்டு, இழுவை வண்டி கொண்டுவர யாருடைய பைக்கிலோ ஏறி பிரகாஷ் ஓசூருக்குக் கிளம்பினான். காரை விட்டு இறங்கக் கூடாது என்று பிரியாவுக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனான்.

கூட்டம் கலைந்தது. நாராயணப்பன் கார்க் கதவைத் திறந்து, ஒரு செம்புத் தண்ணீரையும் சோப்பையும் அவளிடம் நீட்டினார்.

"நீ லூஸ் பண்ணி வச்ச ஆயில் நட்டை நான் முடுக்கிட்டேன் பாப்பா, கையைக் கழுவிக்கிட்டு அப்பா ஊட்டுக்குப் போ."