நாற்பத்தோராவது நிமிடத்துக் குரல்

நாற்பத்தோராவது நிமிடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார் ரோடெல் சார்.

மணிலாவில் எங்கள் பிழைப்பு இதுதான். பழைய படங்களைத் துலக்கி, வீட்டில் பார்க்க டிஸ்க்காக வெளியிடும் எங்கள் கம்பெனி. படமும் ஒலியும் சரி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அது அச்சாகும்.

இது வெள்ளைக்காரர்கள் எடுத்த போர்ப் படம். கதையில் வேறு நாட்டுச் சண்டை. எடுத்ததென்னவோ வடக்கே எங்கள் ஊர்ப்பக்கம், இலோகோஸ் மலையடியில். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகைக்குள் ஓடுகிறவனின் மீசை கூடத் தெரிந்தது.

ஒலியில்தான் வம்பு.

ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் வருகின்றன. எதிரிப் படை கத்திக்கொண்டு ஓடுகிறது. பின்பக்கத்து இடது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

எதிரிப் படையில் ஏது பெண் என்றார் சார். பழைய கேசட்டில் இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது, சுத்தம் செய்ததில் வெளியே வந்துவிட்டது. குறை என்று எழுது, அழித்துவிடுவார்கள் என்றார்.

ஆள் போதாமல் பெண்களுக்கும் தொப்பி மாட்டி ஓடவிட்டதைச் சொன்னேன். உங்கள் மொழியில் எதையாவது கத்துங்கள், எவனுக்கும் புரியப்போவதில்லை என்றாராம் இயக்குநர். இவள் கத்தியதில் அவருக்கு ஒரே குஷி. அந்தக் கோபம் வேண்டும் என்று மூன்று தடவை ஓடவிட்டார்.

சாருக்கு எங்கள் இலோகானோ மொழி தெரியாது. என்னதான் கத்துகிறாள் என்று கேட்டார்.

"அன்செல்மோவ எங்கடா வெச்சிருக்கீங்க?"

கதையில் அப்படி ஒரு ஆளே இல்லையே என்றார்.

கதையில் இல்லைதான். ஆனால் ஹெலிகாப்டர்கள் நிஜம். அவற்றோடு வாடகைக்கு வந்தது எங்கள் நாட்டு ராணுவம். ராணுவச் சட்டம் இருந்த காலம் அது. ஊரிலிருந்து ராணுவம் பிடித்துக்கொண்டுபோன ஆண்களைப் பற்றி அவர்களிடமே வாய் திறந்து கேட்க முடிந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள் படக்காரர்கள், மடையர்கள்.

சார் தலையைச் சொறிந்தார். குரலை விட்டுவைக்கக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது, உன் வேலை போய்விடும் என்றார்.

"போகட்டும் சார். அந்தக் குரல அழிச்சா என் கையெழுத்து கெடையாது."

இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

ஓடியவளே சொன்னாள் என்றேன். அன்று அவள் வயிற்றில் நான் நான்கு மாதம்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறிக்கையை நிரப்பினேன். படம்: குறையில்லை. ஒலி: கேள்வி தெளிவாகக் கேட்கிறது.

குறைகள் என்ற இடத்தில் ஒன்றே ஒன்று எழுதினேன்: பதில் இன்னும் பதிவாகவில்லை.